ஆறு பேருக்கு ஒரு மென்பொருள்

ஜனவரி 9

அதுக்கில்ல மருமகனே, நான் கேக்கப் போறது சின்ன விஷயம்தான். ஆனா யார்கிட்டப் போய்க் கேக்கறதுன்னு தெரியாம ஒரு வாரமா முழிச்சிக்கிட்டு இருக்கேன். கம்ப்யூட்டர்ல லெட்டர் அடிக்கணும், கட்டம் போட்டுக் கணக்கு எழுதணும்னா ஆபீஸ் சாப்ட்வேர்னு ஒண்ணு வேணுமாமே, அதுல எது நல்லது? கடையில கேட்டா ஒருத்தன் ஒண்ணு சொல்றான், அடுத்தவன் அதைத் திட்டறான்.

பாரு, நலம் விசாரிக்காமலே ஆரம்பிச்சுட்டேன். நல்லா இருக்கியா? வேளாவேளைக்குச் சாப்பிடறியா? இங்க கடவுள் புண்ணியத்துல எல்லாரும் நடமாடிக்கிட்டு இருக்கோம். எனக்கு முட்டிதான் படிக்கட்டைக் கண்டா பேச ஆரம்பிக்குது.

சாப்ட்வேர் எங்க பிரார்த்தனைக் குழுவுக்குத்தான். கம்ப்யூட்டர்னா புதுசு இல்ல, நீ உன் ரூம்ல விட்டுட்டுப் போனது. நீ போன அன்னைக்கு அதுமேல போர்த்தின பெட்ஷீட்டைப் போன வாரம்தான் எடுத்தது. நான் எடுக்கல. எடுத்தாச்சு, அவ்வளவுதான்.

இன்னொரு சேதி. நம்ம குடியிருப்புச் சங்கத்துக்கு உங்க அப்பாவைச் செயலாளரா போட்டுட்டாங்க. வேற யாரும் கையைத் தூக்கல, இவரும் கையைக் கீழ போடல. நோட்டீஸ் ஒட்டணும், வீடு வீடா தண்ணி மீட்டர் பாத்துக் கணக்கு எழுதணும். ஆனா அதுக்கும் சாப்ட்வேருக்கும் சம்பந்தம் இல்ல, சும்மா சொன்னேன்.

பதிலை என் பேருக்கே போடு. போன் வேணாம், அது உங்க அப்பா நாற்காலிக்குப் பக்கத்துல இருக்கு. சாமி உன்னைக் காப்பாத்தட்டும்.

உன் அத்தை


ஜனவரி 24

அன்புள்ள அத்தைக்கு,

நலம். உங்கள் முட்டிக்கு மருத்துவரைப் பாருங்கள், படிக்கட்டோடு பேசவிடாதீர்கள்.

மூன்று வகை இருக்கின்றன. முதல் வகை, வருடத்துக்கு வருடம் பணம் கட்டிப் புதுப்பிப்பது. பெரும்பாலான அலுவலகங்களில் அதுதான். இரண்டாவது இலவசம். இறக்கிக்கொண்டால் உங்கள் கணினியிலேயே இருக்கும், யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். மூன்றாவது இணையத்திலேயே திறந்து எழுதுவது. எழுதியதெல்லாம் அந்த நிறுவனத்தின் இடத்தில் சேமிக்கப்படும்.

எது நல்லது என்பது மற்றவர்களோடு கோப்புகளைப் பரிமாறிக்கொள்வீர்களா என்பதைப் பொறுத்தது. ஒன்றில் போட்ட அட்டவணை இன்னொன்றில் திறக்கும்போது சில சமயம் கலைந்துவிடும். உங்கள் குழுவில் என்ன எழுதப் போகிறீர்கள் என்று சொன்னால் சரியாகச் சொல்வேன்.

அந்தக் கணினி பழையது. அதற்கு இலவச மென்பொருள் போதும்.

வீட்டில் அனைவரையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

அன்புடன்,
மருமகன்


பிப்ரவரி 11

மருமகனுக்கு அத்தை ஆசீர்வாதம். உன் கடுதாசி வந்து சேந்துது. அதை நான் சத்தமாப் படிச்சேன். தனியாத்தான் படிச்சேன், ஆனா பக்கத்து ரூம் கதவு திறந்திருந்துது.

எங்க குழுவுல ஒருத்தர் ஒவ்வொண்ணுக்கும் ஒரு கேள்வி வச்சிருக்கார். வருஷா வருஷம் பணம் கட்டறது வாடகை வீடு மாதிரியாம். ஒரு வருஷம் கட்டலைன்னா நாம எழுதின காகிதத்தை நாமளே திறக்க முடியாம வெளிய நிக்கணுமாம். இணையத்துல எழுதறது, நம்ம துணியை அடுத்தவன் அலமாரியில மடிச்சு வைக்கிறதாம். சரி, அப்ப இலவசம்னு சொன்னா, "சும்மா குடுக்கறவன் எதுக்குக் குடுக்கறான்? அதைக் கேளு முதல்ல" அப்படிங்கறார். எங்க குழுவுல பொம்பளைங்க மட்டும்தானேன்னு நீ கேக்கக்கூடாது. கேட்டா எனக்குப் பதில் தெரியாது.

கடைசியில இலவசத்தையே இறக்கியாச்சு. நாங்க அடிக்கிற அடியில மேஜை ஆடுது மருமகனே. கீழ்வீட்டம்மா மேல வந்து, "என்னங்க, மாவு இடிக்கிறீங்களா?"ன்னு கேட்டாங்க. "இல்லீங்க, நோட்டீஸ் அடிக்கறோம்"னேன். வரிக்கு வரி முடிவுல ஒரு தட்டு வேற. அந்தத் தட்டுலதான் பெரிய பட்டன் கழண்டு விழுந்துது. பசை போட்டு ஒட்டியிருக்கு.

உன் அப்பா உன்னைப் பத்தி ஒண்ணும் கேக்கல. நான் உள்ளதைச் சொல்றேன். முப்பது வருஷ டைப்பிஸ்ட் உத்தியோகத்துல யார் முன்னாலயும் நின்னு ஒண்ணு கேக்காத மனுஷன், உனக்கு ஒரு வேலை குடுங்கன்னு அந்த ஒரே தடவை ஆபீசர் முன்னாடி நின்னார். இன்டர்வியூ அன்னைக்கு நீ ரயில் ஏறிட்டே. போனது தப்புன்னு நான் சொல்லல. சொல்லிட்டுப் போயிருக்கலாம். அன்னைக்கு நின்ன பேச்சு இன்னும் நிக்குது. நான் தினம் சாமிகிட்ட அதைத்தான் கேக்கறேன், அவரும் உங்க அப்பா மாதிரியே கேட்டுக்கிட்டுச் சும்மா இருக்கார்.

உடம்பைப் பாத்துக்கோ. இலவசமா எதுக்குக் குடுக்கறாங்கன்னு மறக்காம எழுது.

அத்தை


மார்ச் 18

அன்புள்ள அத்தைக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கவும். வேலை அதிகம்.

இலவச மென்பொருளைப் பல நாட்டு ஆட்கள் சேர்ந்து எழுதுகிறார்கள். சிலர் சம்பளத்துக்கு, சிலர் விருப்பத்துக்கு. தமக்கு வேண்டியதைச் செய்து, மற்றவர்களும் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். உள்நோக்கம் எதுவும் இல்லை. குழுவில் கேட்டவரிடம் அப்படியே சொல்லலாம்.

வரி முடிந்ததும் பெரிய விசையைத் தட்ட வேண்டியதில்லை. கணினி தானே அடுத்த வரிக்குப் போகும். பத்தி முடியும்போது தட்டினால் போதும். மெதுவாகத் தொட்டாலும் எழுத்து விழும். நீண்ட நாள் வேறு இயந்திரத்தில் அடித்தவர்களுக்கு இது பழகச் சிறிது காலம் ஆகும்.

இங்கே வெயில் தொடங்கிவிட்டது. நலமாக இருக்கிறேன்.

அன்புடன்,
மருமகன்


ஏப்ரல் 3

மருமகனே, நலம். நலம்னு எழுதறது பழக்கத்துல. வீட்டுல நிலைமை நல்லா இல்ல.

இனிமே பிரார்த்தனைக் குழுன்னு சொல்லி உன்னை ஏமாத்தப் போறதில்ல. நீ ஏமாறலைன்னும் எனக்குத் தெரியும். அடிக்கறது உங்க அப்பாதான். "அவன்கிட்டக் கேக்காதே, யார்கிட்ட வேணா கேளு"ன்னார். வேற யாரைத் தெரியும் எனக்கு?

தண்ணிக் கணக்கை அந்த இலவச சாப்ட்வேர்ல கட்டம் கட்டமா அடிச்சு, கீழ கூட்டச் சொல்லி, லிப்டுக்குப் பக்கத்துல ஒட்டினார். மூணாவது மாடிப் பல் டாக்டர்தான் சங்கத்துப் பொருளாளர். அவர் தாளை மேலயும் கீழயும் பாத்துட்டு, "என்ன செயலாளர் சார், கட்டடத்துக்கு வந்த தண்ணியில பாதிதான் வீடுங்களுக்குப் போயிருக்குன்னு கூட்டல் சொல்லுதே, மீதியை நீங்களே குடிச்சிட்டீங்களா?"ன்னார். லிப்டுக்காக நின்ன அத்தனை பேரும் சிரிச்சாங்க. நானும் நின்னேன். உங்க அப்பா முகத்தைப் பாக்க முடியல.

வீட்டுக்கு வந்து கையால கூட்டினார். டாக்டர் சொன்னது சரி, கூட்டல் தப்பு. சரி சாப்ட்வேர்தான் மட்டம்னு, இணையத்துல இருக்கறதுல மறுபடி எல்லாத்தையும் அடிச்சார். அதே தப்பு. பணம் கட்டறது ஒரு மாசம் சும்மா தர்றாங்கன்னு அதையும் போட்டார். அதுலயும் அதே தப்பு. மூணு சாட்சி ஒரே மாதிரிப் பொய் சொல்லுமா? "எனக்குத்தான் இது வரல. இது அவனோட பொருள், அவனுக்குத்தான் பணியும்"னுட்டு எழுந்துட்டார். மடிச்சு வச்ச பெட்ஷீட் எங்கன்னு கேட்டார். துவைக்கப் போட்டிருக்கேன்னு பொய் சொல்லியிருக்கேன். சாமி மன்னிக்கட்டும்.

மே முதல் ஞாயித்துக்கிழமை கூட்டம். அங்க ராஜினாமா குடுக்கப் போறாராம். ரிட்டயர் ஆனதுல இருந்து அந்த மனுஷன் காலையில சட்டை போட்டு உக்காந்தது இந்த மூணு மாசம்தான். அதுவும் போச்சுன்னா மறுபடி நாற்காலியும் ஜன்னலும்தான்.

அவர் எடுத்த பிரிண்டை இதோட வச்சிருக்கேன். என்னன்னு பாரு. சீக்கிரம்.

அத்தை


ஏப்ரல் 10

அன்புள்ள அத்தைக்கு,

தாளைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. விரைவு அஞ்சலில் அனுப்புகிறேன். தவறு நீங்கள் செய்தது என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன். அடுத்த பத்தியிலிருந்து அப்படியே வாசித்துக் காட்டலாம்.

அத்தை, நீங்கள் ஒன்று என்ற எண்ணுக்குப் பதிலாகச் சின்ன ஆங்கில எழுத்து எல் அடித்திருக்கிறீர்கள். பூஜ்யத்துக்குச் சில இடங்களில் பெரிய ஓ. தாளில் பார்ப்பவர் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் கணினிக்கு அது எண் இல்லை, எழுத்து. எழுத்தை அது கூட்டாது. சொல்லாமல் தாண்டிப் போய்விடும். அதனால்தான் மூன்று மென்பொருளிலும் ஒரே விடை. மூன்றும் பொய் சொல்லவில்லை.

நீங்கள் பழகிய தட்டச்சு இயந்திரத்தில் ஒன்றுக்குத் தனி விசையே கிடையாது. எல்தான் ஒன்று. அந்த இயந்திரத்தில் அதுதான் சரியான முறை. இதில் மேல்வரிசையில் இடதுபக்கம் ஒன்றுக்குத் தனி விசை இருக்கிறது. அதை மட்டும் மாற்றினால் கூட்டல் சரியாக வரும்.

நான் இங்கே வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் இதே போல எல் அடித்துவிட, ஒரு நாள் முழுக்க அலுவலகமே பிழையைத் தேடியது. நானும் நம் வீட்டில் இருந்த அந்த இயந்திரத்தில்தான் அடிக்கக் கற்றேன்.

இன்னொன்று. பல் டாக்டர் பணம் கட்டும் மென்பொருளில் கோப்பு அனுப்புபவராக இருந்தால், அதையே வைத்துக்கொள்வது வசதி. அதற்கு நான் ஏற்கெனவே பணம் கட்டும் கணக்கில் ஆறு பேருக்கு இடம் இருக்கிறது. இப்போது நான் ஒருத்தன்தான் இருக்கிறேன். தனியாகப் பணம் எதுவும் கட்ட வேண்டாம். நோட்டீஸ் தாளின் அடியில் இருந்த சங்கத்து மின்னஞ்சலுக்கு அழைப்பு அனுப்பியிருக்கிறேன். திரையில் என் பெயர் வரும், கீழே ஏற்கிறேன் என்று ஒரு பொத்தான் இருக்கும். கட்டாயம் இல்லை. அமுக்காவிட்டால் ஒரு மாதத்தில் தானே காலாவதி ஆகிவிடும்.

அன்புடன்,
மருமகன்


மே 8

மருமகனுக்கு ஆயிரம் ஆசீர்வாதம். சாமிக்கு நேந்துக்கிட்டது வீண் போகல.

உன் கடுதாசியை ஹால்ல நின்னு வாசிச்சேன். "நீங்கள் பழகிய தட்டச்சு இயந்திரத்தில்"னு நான் வாசிக்கறப்ப, நான் எந்தக் காலத்துல தட்டச்சு பழகினேன்னு எனக்கே சிரிப்பு வந்துது. உங்க அப்பா சிரிக்கல. பேப்பரை முகத்துக்கு நேரா பிடிச்சபடியே கேட்டார். பேப்பர் தலைகீழா இல்ல, அந்த அளவுக்கு இல்ல. ஆனா பக்கம் திருப்பவும் இல்ல. முதல் மாசம் நீயும் எல் அடிச்சேன்னு வந்த இடத்துல, "அதை இன்னொரு தடவை படி"ன்னார். படிச்சேன். எழுந்து உன் ரூமுக்குப் போனார். கொஞ்ச நேரத்துல, "வந்துடுச்சு"ன்னு ஒரு சத்தம்.

கூட்டத்துல புதுக் கணக்கைக் குடுத்தார். பல் டாக்டர் பாத்துட்டு, "இப்ப சரியா இருக்கே, போன தடவை என்ன ஆச்சு?"ன்னார். உங்க அப்பா கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டே, "என் தங்கச்சி அடிச்சிட்டா. அவளுக்கு ஒண்ணுக்கும் எல்லுக்கும் வித்தியாசம் தெரியல"ன்னார்! அத்தனை பேர் முன்னாடி. வீட்டுக்கு வந்து, "பழி ஒரு இடம் பாவம் ஒரு இடமா?"ன்னு கேட்டதுக்கு, "கடுதாசியில அப்படித்தானே எழுதியிருக்கு, வாயாடி"ங்கறார். ராஜினாமா பேச்சையே காணோம். சாமி ரொம்பக் குறும்புக்காரர்.

அந்த அழைப்பு வந்துது. "இவன் பேர் எதுக்கு என் மெயில்ல?"ன்னார். எதுக்குன்னு சொன்னேன். பாத்துக்கிட்டே இருந்தார். அமுக்கல. அழிக்கவும் இல்ல. தினம் காலையில மெயிலைத் திறந்தா முதல்ல அதைத்தான் திறக்கறார், மூடறார்.

எனக்கு ஒண்ணும் புரியல. உடம்பு எப்படி இருக்கு? அடுத்த கடுதாசியில அதை எழுது.

அத்தை


ஜூன் 25

அன்புள்ள அத்தைக்கு,

நலம். சென்ற மாதக் கடிதத்துக்கு உடனே பதில் எழுத முடியவில்லை. மன்னிக்கவும். கணக்கு சரியானதில் மகிழ்ச்சி. பழி உங்கள் மேல் விழுந்ததற்கு என்னையும் சேர்த்துத் திட்டிக்கொள்ளுங்கள்.

அழைப்பு காலாவதி ஆகிவிட்டதாக எனக்கு அறிவிப்பு வந்தது. இன்று காலை மறுபடி அனுப்பியிருக்கிறேன். காலாவதியானால் மறுபடி அனுப்புவது இங்கே எங்கள் வேலையில் வழக்கம். அதற்கு மேல் எதுவும் இல்லை.

அன்புடன்,
மருமகன்


ஜூலை 4

மருமகனே, நலமா இருக்கோம். நீயும் இருக்கணும்.

சொல்லவே எனக்குச் சங்கடமா இருக்கு. உங்க அப்பா முடிவு பண்ணிட்டார். இலவசம்தானாம். "மூணையும் ஓட்டிப் பாத்தாச்சு. எனக்கு வேண்டியது லெட்டர், கட்டம், கூட்டல். அது மூணும் இதுல இருக்கு. இன்னொருத்தர் தயவுல ஓடற வண்டி எதுக்கு?"ன்னார். பல் டாக்டர் அனுப்பற கோப்பு கலைஞ்சு வருதுன்னு, அவரை வீட்டுக்கே கூப்பிட்டு உக்கார வச்சு, எப்படிச் சேமிச்சு அனுப்பினா ரெண்டு பக்கமும் கலையாதுன்னு பாடம் எடுத்தார். டாக்டர் வாயைத் திறந்துக்கிட்டுக் கேட்டார். அவர் கிளினிக்குல மத்தவங்க உக்கார்ற மாதிரி.

டாக்டர் போனதும் எனக்குக் கோபம் வந்துடுச்சு. "இன்னொருத்தர் தயவுங்கறீங்களே அண்ணா, அது யாரு? தெருவுல போறவனா?"ன்னேன். "சும்மா இரு"ன்னார். "சும்மா இருந்து இருந்துதான் இப்படி ஆச்சு"ன்னேன்.

சாயங்காலம் அவரே வந்து, "ஆறு பேருக்கு இடம்னானே, மத்த அஞ்சு பேர் யாராம்?"ன்னு கேட்டார். "யாரும் இல்ல அண்ணா, அவன் ஒருத்தன்தான் இருக்கேன்னு எழுதியிருந்தானே, நான் வாசிச்சேனே"ன்னேன். "நான் கவனிக்கல"ன்னார். கவனிச்சார், எனக்குத் தெரியும்.

அப்புறம் போய்ப் படுத்துட்டார். இதுல நான் உனக்கு என்னத்தைச் சொல்றது? கோவிச்சுக்காதே. ஆசீர்வாதம்.

அத்தை


ஜூலை 13

அன்புள்ள அத்தைக்கு,

கோபம் இல்லை. இலவச மென்பொருள் நல்ல தேர்வுதான். அந்தக் கணினிக்கு நான் முதலில் சொன்னதும் அதுவே. யோசித்துச் சோதித்துத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்.

இந்த அழைப்பு இருபத்தைந்தாம் தேதி காலாவதி ஆகும். அதன் பிறகு அனுப்ப மாட்டேன். தினமும் கண்ணில் படுவது தொந்தரவாக இருந்தால் அழித்துவிடச் சொல்லுங்கள். நான் தவறாக நினைக்க மாட்டேன்.

போன வாரம் சிறு காய்ச்சல். இரண்டு நாள் விடுப்பு எடுத்தேன். இப்போது பரவாயில்லை.

அன்புடன்,
மருமகன்


ஜூலை 24

காய்ச்சலாமே! அதைக் கடைசி வரியில போடற ஆளை இப்பதான் பாக்கறேன். உங்க அப்பாவும் இப்படித்தான், பல்லுவலியை மூணு நாள் கழிச்சுச் சொல்லுவார், அதுவும் மாடியிலேயே டாக்டரை வச்சுக்கிட்டு. யார் உனக்குக் கஞ்சி வச்சுக் குடுத்தா? யாரும் இல்லைன்னு எழுதாதே, எனக்குத் தூக்கம் போயிடும். தண்ணியைக் கொதிக்க வச்சுக் குடி. ஈரத் தலையோட வெளிய போகாதே. உனக்காகத் தனியா வேண்டிக்கிட்டேன், சாமி இதையாவது காதுல போட்டுக்குவார்.

இங்க எல்லாம் ஓடுது. லிப்டு நாலு நாளா நின்னு போய், என் முட்டிக்கு நல்ல நாளா அமைஞ்சுது. பழுது பாக்கறவர் வந்து பாத்துட்டு, நாளைக்கு வர்றேன்னு போனார், வரவே இல்ல. உங்க அப்பா அவருக்கு ஒரு லெட்டர் அடிச்சார் பாரு, படிச்ச கையோட மனுஷன் ஓடி வந்துட்டார். அந்த லெட்டரைப் பாத்து ரெண்டாவது மாடிக்காரர், என் பையனோட வேலைக்கும் ஒரு விண்ணப்பம் அடிச்சுக் குடுங்கன்னு வந்து நிக்கறார். உங்க அப்பா காலையில சட்டையை மாட்டிக்கிட்டு உக்காந்தா மத்தியானம்தான் எழுந்துக்கறார். பெரிய பட்டன் மறுபடி கழண்டுது, மறுபடி ஒட்டியாச்சு. இப்ப வரி முடிவுல தட்டறதில்ல. பத்தி முடிவுல சேத்து வச்சுத் தட்டறார்.

உன் கடுதாசி நேத்துத்தான் வந்துது. வழக்கம் போல ஹால்ல வாசிச்சேன். காய்ச்சல்னு வந்ததும், "எத்தனை நாளா?"ன்னார். ரெண்டு நாள்னு எழுதியிருக்கான்னேன். "அவன் ரெண்டுன்னா நாலு"ன்னார். நான் அடுப்படிக்குப் போயிட்டேன்.

சரி, தாள் முடியுது. இதை இன்னைக்கே தபால்ல சேத்தாகணும். கீழ்வீட்டம்மா விசாரிச்சாங்க, மாவு இடிக்கிற சத்தம் குறைஞ்சிருக்காம். உடம்பைப் பாத்துக்கோ, எழுதறதுக்குச் சோம்பல் படாதே. சாமி துணை.

அத்தை

உறையை ஒட்டப் போறப்பதான் ஞாபகம் வருது. நேத்து அடுப்படிக்கே வந்து, "ஏற்கிறேன்னு இருக்கறதை அமுக்கினா இங்க இருக்கற இலவசம் அழிஞ்சுடுமா?"ன்னு கேட்டார். அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுன்னேன், எனக்கென்ன தெரியும். போய் அமுக்கிட்டார். சாப்ட்வேரை இன்னும் இறக்கல. வேணாமாம்.